இருபது வருடக் கெடு

1983 ஜூலையில் கொழும்பில் ஒரு கடைக்குத் தீ வைத்தவன்மீது வழக்குத் தொடர அரசுக்கு இருந்த கெடு 20 வருடம். குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவில் இது இருக்கிறது. கொலைக்கும் இராசத்துரோகத்துக்கும் காலவரை இல்லை. மற்றக் குற்றங்களுக்கு 20 வருடம் கடந்தால் கதவு மூடப்பட்டுவிடும். கடையை இழந்தவருக்கு இருந்த கெடுவோ இதைவிடக் குறுகியது. தனக்கு நேர்ந்த நட்டத்துக்காக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைக்க அவருக்கு 2 வருடமே உண்டு. 1985 ஜூலையோடு அது முடிந்துபோயிற்று. அகதி முகாம், கப்பல், இராமேஸ்வரம், ஜேர்மனி என்று சிதறிய சனத்தில் எத்தனை பேர் அந்த 2 வருடத்துக்குள் கொழும்புக்குத் திரும்பி வந்து, கந்தோர் தேடி, வழக்குக்கு முத்திரைக் காசும் கட்டியிருப்பார்கள்?

ஆகவே 2001இன் கடைசியில், கொட்டாஞ்சேனையில் மகளோடு இருந்த ஓர் அம்மா ஒரு கடதாசிப் பையோடு சட்டத்தரணியான என்னிடம் வந்தபோது, அவர் போவதற்கு நீதிமன்றம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஓர் ஆணைக்குழு இருந்தது.

அதைப் பற்றி இன்று பலருக்கு நினைவில்லை. 2001 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அதை நியமித்தார். முன்னாள் பிரதம நீதியரசர் சுப்பையா சர்வானந்தா தலைவர், எஸ்.எஸ். சகாபந்து, எம்.எம். சுஹைர் உறுப்பினர்கள். 1981 தொடக்கம் 1984 முடிய நடந்த இன வன்முறையை, விசேடமாக 1983 ஜூலையை ஆராய்ந்து, காரணம் என்ன, பொறுப்பாளி யார், நட்டம் எவ்வளவு, ஈடு என்ன என்று சொல்லவேண்டும். உண்மை ஆணைக்குழு என்று பெயர். தென்னாபிரிக்காவில் டெஸ்மண்ட் டுட்டுவின் ஆணைக்குழு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்திருந்த காலம் அது. அந்தப் பெயரின் வெளிச்சம் எங்கள் பக்கமும் கொஞ்சம் விழுந்தது.

இதற்கு முன்பும் ஒன்று இருந்தது. 1977 ஆவணிக் கலவரத்தை முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தனி ஆளாக விசாரித்து 1980இல் அறிக்கை கொடுத்தார். வாசித்திருக்கிறேன். ஊர் ஊராக, கடை கடையாக, எந்தப் பொலிஸ் நிலையத்தில் யார் கடமையில் இருந்தார் என்பதுவரை எழுதிய மிக விரிவான அறிக்கை. அது வந்து 2 வருடத்தில், 1982இல், 1977 ஆவணி மாதச் செயல்களுக்காக அமைச்சர், அதிகாரி, படையினர் எவர்மீதும் வழக்கு வைக்கமுடியாதபடி ஒரு விடுபாட்டுச் சட்டம் நிறைவேறியது. நன்னம்பிக்கையோடு, ஒழுங்கை நிலைநாட்டச் செய்த செயல் என்றால் போதும். 1988இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, பாதுகாக்கப்படும் காலத்தை அவ்வருடம் டிசம்பர் வரை நீட்டினார்கள். 1983 ஜூலை அதற்குள் அடங்கிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

அம்மாவின் கணவர் கிருலப்பனையில் ஓர் ஒழுங்கை முகப்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வாடகைக் கட்டடம். கடைக்குப் பின்னால் வீடு. 1983 ஜூலை 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். 24ஆம் திகதி பின்னேரம் அவர்களுடைய உடல்களைப் பொரளை கனத்தை மயானத்துக்குக் கொண்டுவரப் போகிறார்கள் என்று அங்கே சனம் கூடியது. அன்றிரவே பொரளைப் பக்கம் எரியத் தொடங்கியது. 25ஆம் திகதி திங்கட்கிழமை காலை கிருலப்பனைக்கும் வந்துவிட்டார்கள். ஊரடங்கு அறிவிக்கப்பட்டது அன்று மத்தியானத்துக்குப் பிறகுதான்.

எதிர்வீட்டில் ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்த ஒரு சிங்களவர். அவர் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் தன் வீட்டுச் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டினார். கணவரும் முதலில் அங்கேதான் இருந்தார். பிறகு, கடன் கொப்பியை எடுத்து வருகிறேன் என்று வெளியே போனார்.

"அந்தக் கொப்பிக்கு ஏன் போனவர் அம்மா?" என்று கேட்டேன்.

"கடையிலை இருந்த சாமான் அரைவாசி, தம்பி. மிச்சம் அரைவாசி அந்தக் கொப்பியிலை இருந்தது. ஒழுங்கை முழுக்க எங்களுக்குக் கடன். கொப்பி போனா மாசக் கடைசியிலை யாரிட்டை என்னெண்டு கேக்கிறது?"

அப்படித்தான் அவர் நினைத்திருக்கிறார். திங்கட்கிழமை காலையில் கொழும்பு எரிந்துகொண்டிருக்க, மாதக் கடைசி வழக்கம்போல வரும் என்று. இதை நான் பல கட்சிக்காரரிடம் கண்டிருக்கிறேன். 1958ஐயும் 1977ஐயும் பார்த்தவர்களுக்கு, கலவரம் என்பது நாலு நாள் ஒளிந்திருந்துவிட்டு மறுபடி கடை திறப்பது. இந்த முறை அப்படி இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவர் திரும்பி வரவில்லை. அம்மாவும் பிள்ளைகளும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்குப் போனார்கள். பிறகு கப்பலில் காங்கேசன்துறை.

ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுக்க வேண்டுமென்றால் கடை இருந்தது, அங்கே குடியிருந்தோம், கணவர் இறந்தார் என்று மூன்றையும் காட்டவேண்டும். கடதாசிப் பைக்குள் இருந்தவை: முகாமில் கொடுத்த ஒரு துண்டு, மூத்த மகளின் பிறப்புச் சான்றிதழ், கடை வாசலில் கணவர் சாரத்தோடு நிற்கும் ஒரு படம். மற்றதெல்லாம் எரிந்துவிட்டது. 83 வழக்குகளில் வரும் முதல் தொல்லை இதுதான். சான்றை எரித்துவிட்டுப் போன பிறகு சான்று கேட்கும் விசாரணை. நல்லகாலமாக 1948ஆம் ஆண்டின் விசாரணை ஆணைக்குழுச் சட்டம், சான்றுக் கட்டளைச் சட்டம் ஏற்காத சாட்சியத்தையும் ஏற்க ஆணைக்குழுவுக்கு இடம் கொடுக்கிறது. கேள்விச் சாட்சியம், பழைய படம், நினைவிலிருந்து எழுதிய பட்டியல் எல்லாம் உள்ளே போகலாம்.

பட்டியலைச் சொல்லச் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இடப்பக்கம் அரிசி மூட்டைகள், சம்பா வேறு, நாட்டரிசி வேறு. அதற்குப் பக்கத்தில் மாசி, கருவாடு. மேல் தட்டில் டின் பால். கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளைகளின் இனிப்பு. தராசு புதுசு, படிக்கற்கள் பழசு. மண்ணெண்ணெய்ப் பீப்பா பின் கதவோரம். 18 வருடத்துக்குப் பிறகு ஒரு தட்டும் தவறவில்லை. என் எழுதுவினைஞப் பிள்ளை தட்டச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய்க்கு வந்தபோது அம்மா, "அதாலைதான் கெதியிலை பிடிச்சது" என்றார், விலைப்பட்டியலில் இன்னொரு வரி சொல்வது போல. கடன் கொப்பியில் இருந்த தொகையைச் சேர்க்கமுடியாது என்று விளக்கினேன். கொப்பி இல்லாமல் கடன் இல்லை. அவர் தலையாட்டினார்.

கடை இருந்ததற்கு வியாபாரப் பெயர்ப் பதிவின் பிரதி கிடைத்தது. அங்கே குடியிருந்ததற்குத்தான் அதிகம் அலைந்தேன். கடைசியில் கைகொடுத்தது 1982ஆம் ஆண்டுத் தேர்தல் இடாப்பு. அந்த வருடம் ஜனாதிபதித் தேர்தலும் சர்வசன வாக்கெடுப்பும் நடந்தன. ஒழுங்கை, இலக்கம், வாக்காளர் பெயர் எல்லாம் வரிசையாக அச்சில் இருக்கிறது. ஜூலை 83இல் வந்த கூட்டங்கள் கையில் வைத்து வீடு வீடாகப் பார்த்து வந்ததாகச் சாட்சிகள் சொன்னதும் வாக்காளர் இடாப்பைத்தான். அந்தப் பிரதியை நான் சான்றாவணமாக அடையாளமிட்டு இணைத்தேன். அம்மா அதில் தன் பெயரைத் தேடி, கணவர் பெயருக்குக் கீழே கண்டுபிடித்து, விரலை அதன்மேல் வைத்தார்.

மரணம் மிகக் கடினம். உடல் இல்லை. மரணச் சான்றிதழ் இல்லை. 90களில் வந்த தற்காலிகச் சட்டம் ஒன்று, கலகத்தில் காணாமல் போனவரை இறந்தவராகப் பதிய வழி செய்திருந்தது. படிவத்தை நிரப்பத் தொடங்கியதும் அம்மா கையை நீட்டி என் பேனாவைத் தடுத்தார்.

"அவர் காணாமல் போகேல்லைத் தம்பி. கடை வாசலிலை செத்தவர். மாத்தையா கண்டவர்."

அதுவரை இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. எதிர்வீட்டு மனிதர் சாமான் அறையைப் பூட்டினார் என்றுதான் சொல்லியிருந்தார். கண்டார் என்று இப்போதுதான். 18 வருடம் அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்த விஷயம்.

கிருலப்பனைக்குப் போனேன். அந்த மனிதர் ஓய்வு பெற்று அதே வீட்டில் இருந்தார். நான் சட்டத்தரணி என்றதும் உட்காரச் சொல்லி, மனைவியிடம் தேநீர் கேட்டு, வாசல் கதவைச் சாத்தினார். லொறியில் வந்தவர்கள் வெளியாட்கள் என்றார். அன்றைய ஆளும் கட்சியின் தொழிற்சங்கமான ஜாதிக சேவக சங்கமயவின் ஆட்கள் அந்த நாட்களில் என்ன செய்தார்கள் என்று பல ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருக்கு அது தெரியாது, அரசியலும் வேண்டாம் என்றார். வெளியாட்களுக்கு எது தமிழ்க் கடை, எது சிங்களக் கடை என்று தெரியாது. லொறிக்கு முன்னால் நடந்து வந்து, இந்தக் கடை என்று கை காட்டியவன் உள்ளூரான். முதலாளி கொப்பியோடு வெளியே வந்தபோது, இவன்தான் என்று காட்டியதும் அவனே. ஜன்னல் இடுக்கால் இவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தார்கள், விழுந்தார், இழுத்து உள்ளே போட்டார்கள், பிறகு தீ.

"கை காட்டியவனை உங்களுக்குத் தெரியுமா?"

பெயர் சொன்னார். எந்த வீடு என்றும் சொன்னார். அந்த ஆளும் கடன் கொப்பியில் இருந்திருப்பான் என்று எனக்கு உடனே தோன்றியது. அதை நான் நிரூபிக்க முடியாது, நிரூபிக்கத் தேவையும் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 146ஆம் பிரிவின்படி, சட்டவிரோதக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தவன், கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக வேறொருவன் செய்த கொலைக்கும் பொறுப்பாளி. அடித்த கை எது என்று தெரியவேண்டியதில்லை. கை காட்டியது போதும். எனக்கு முன்னால் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, ஒரு கொலை வழக்கின் கண்கண்ட சாட்சி உட்கார்ந்திருந்தார்.

சத்தியக்கடதாசி தயாரித்தேன். பெயரை எழுதினேன். கையெழுத்துக்கு முன் அம்மாவிடம் வாசித்துக் காட்டவேண்டும், அவர் வழக்கு அது. பெயர் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இதை எடுங்கோ தம்பி."

"ஏன் அம்மா?"

"அவன்ரை பிள்ளையள் இப்பவும் அந்த ஒழுங்கையிலைதான் இருக்கினம். நான் கொட்டாஞ்சேனையிலை. மாத்தையாதான் அங்கை இருக்கவேணும். என்ரை பிள்ளையளை ஒளிச்சு வைச்ச மனுசன். அவருக்கு ஒண்டு நடந்தா?"

சட்டத்தில் இதற்கு என்னிடம் பதில் இல்லை. 2001இல் இலங்கையில் சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் என்று ஒன்று கிடையாது. அது 2015இல்தான் வந்தது. பெயரைக் கொடுத்தால் ஆணைக்குழு என்ன செய்ய முடியும் என்றும் யோசித்தேன். பெயர் சொல்லப்பட்டவனுக்கு அறிவித்தல் போகும், அவன் சட்டத்தரணியோடு வரலாம், மறுக்கலாம். அதற்குப் பிறகு? அன்றைய சட்டப்படி ஆணைக்குழு அறிக்கை தீர்ப்பு ஆகாது. அந்தச் சாட்சியத்தை வைத்துச் சட்டமா அதிபர் நேரே வழக்குத் தொடுக்கலாம் என்ற திருத்தம் 2008இல்தான் வந்தது. 2001இல் பொலிஸ் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். அதற்குள் ஒழுங்கை முழுவதற்கும் யார் சொன்னது என்று தெரிந்துவிடும்.

பெயரை எடுத்தேன். 'எனக்குத் தெரிந்த, அடையாளம் காட்டக்கூடிய ஒருவர்' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை அந்த மனிதர் இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.

விசாரணை அன்று அம்மா தமிழில் சாட்சி சொன்னார். மரியாதையாகக் கேட்டார்கள், அவசரப்படுத்தவில்லை. தன் கணவர் செத்ததை அரசு நியமித்த ஒரு சபையின் முன் சொல்ல அவருக்கு அதுவே முதல் சந்தர்ப்பம். 18 வருடத்தில் எந்தப் பொலிஸ் நிலையமும் நீதிமன்றமும் அவரிடம் ஒரு வாக்குமூலம் எடுத்ததில்லை. ஆணைக்குழுக்களைக் கேலி செய்கிற எங்கள் சட்டத்தரணிகள் சங்கத்துப் பேச்சுகளில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அன்றைய நாளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எதிர்வீட்டு மனிதரும் வந்தார். கை காட்டியவனைத் தெரியுமா என்ற கேள்வி வந்தபோது, "தெரியும். பொலிஸ் வந்து கேட்டால் சொல்வேன்" என்று சிங்களத்தில் சொன்னார். அது பதிவாயிற்று. அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த மண்டபத்தில் நான் பார்த்த நாட்களில் வந்தவர்கள் எல்லாரும் இழந்தவர்கள், அல்லது காப்பாற்றியவர்கள். செய்தவன் ஒருவனும் வரவில்லை. ஏன் வருவான்? தென்னாபிரிக்காவில் ஆணைக்குழுவிடம் கொடுக்க ஒன்று இருந்தது: அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுவதும் ஒப்புக்கொண்டால் மன்னிப்பு, மறைத்தால் வழக்கு. அந்த ஆசையிலும் பயத்திலும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். மன்னிப்புக் கிடைத்தது சிறு பகுதியினருக்கே. ஆனால் உண்மை வெளியே வந்தது, பல தாய்மாருக்குப் பிள்ளையின் எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. அந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு. மன்னிப்புக் கிடைக்காதவர்களில் வெகு சிலர்மீதே பிறகு வழக்கு வந்தது. இருந்தும் அங்கே மன்னிப்புக்கு ஒரு விலை கேட்டார்கள். இங்கே அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு 1988இலேயே, ஒரு கேள்வியும் கேட்காமல், விடுபாடு கொடுத்தாயிற்று. ஒழுங்கையில் கை காட்டியவனுக்கு அந்தச் சட்டம் தேவையே இல்லை. அவனைத் தேடிப் போக ஆள் இல்லை என்பதே அவனுக்குப் போதுமான விடுபாடு.

சொல்ல மறந்துவிட்டேன். கலவரம் ஓய்ந்து இரண்டு கிழமை ஆகுமுன், 1983 ஓகஸ்ட் 8ஆம் திகதி, அரசியலமைப்புக்கு ஆறாவது திருத்தம் வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள், அரச ஊழியர்கள், சட்டத்தரணிகளான நாங்கள், எல்லாரும் தனிநாடு கேட்கமாட்டோம் என்று சத்தியம் செய்யவேண்டும். அந்த ஜூலைக்குப் பிறகு அரசு அவசரமாகக் கேட்ட வாக்குமூலம் அது ஒன்றுதான்.

ஆணைக்குழு 2002 செப்டெம்பரில் அறிக்கையைக் கொடுத்தது. அடுத்த வருடம் அது அமர்வுப் பத்திரமாக அச்சாயிற்று. நட்டஈட்டுப் பட்டியலில் ஆயிரத்துக்கும் குறைவானவர்கள். 83இல் இறந்தோர் தொகையை அரசு 400க்குள் சொன்னது, மற்றவர்கள் 3000 வரை சொல்கிறார்கள். கொழும்பு முகாம்களில் மட்டும் பல பத்தாயிரம் பேர் இருந்தார்கள். வராதவர்கள் எங்கே என்று யோசித்தால் பாதிப்பேர் கனடாவில், ஐரோப்பாவில், தமிழ்நாட்டில்; மிச்சப் பேருக்குச் செய்தியே போகவில்லை. 2001 முழுவதும் ஏ9 வீதி மூடித்தான் கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் சாட்சி சொல்ல வருவதென்றால் கப்பல் அல்லது விமானம்.

அறிக்கை கையளிக்கப்பட்ட நாளில், தீ வைப்புக்கும் கொள்ளைக்கும் வழக்குத் தொடர 20 வருடக் கெடுவில் பத்து மாதம் மிச்சம் இருந்தது. அந்தப் பத்து மாதத்தில் கிருலப்பனைக்கு எந்தப் பொலிசும் போகவில்லை. நான் இரண்டு கடிதம் எழுதினேன். அது சமாதானப் பேச்சுக் காலம். பழையதைக் கிளறவேண்டாம் என்று நண்பர்களே சொன்னார்கள், தமிழ் நண்பர்களும். 2003 ஜூலை 25 ஒரு வெள்ளிக்கிழமை. அந்த நாளோடு, 1983 ஜூலை 25இல் தீ வைத்தவர்களுக்கும் கொள்ளையடித்தவர்களுக்கும் எதிரான வழக்குகள் சட்டப்படி செத்தன. பத்திரிகைகளில் அதைப் பற்றி ஒரு வரி நான் காணவில்லை.

ஒரு வருடம் கழித்து, 2004 ஜூலையில், 21ஆம் ஆண்டு நினைவு நாளில், ஜனாதிபதி குமாரதுங்க அரசின் சார்பிலும் மக்கள் சார்பிலும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இலங்கையின் எந்த அரசுத் தலைவரும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. நட்டஈட்டுக் காசோலைகளும் கொடுபட்டன. அம்மாவுக்கும் வந்தது.

"காசு தந்தா வாங்குவன். வேண்டாமெண்டு சொல்ல நான் என்ன பணக்காரியே?" என்றார். அதில் மகளின் வீட்டுக் கூரையைத் திருத்தினார்கள். மன்னிப்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். "அந்த மனுசி நல்ல மனுசி. ஆனா அவவே எரிச்சவ?" என்றார்.

எதிர்வீட்டு மனிதர் சில வருடங்களில் காலமானார். அவரிடம் எவரும் பெயர் கேட்கவில்லை. அவருடைய சத்தியக்கடதாசி என்னிடம் இருக்கிறது; ஆனால் குறுக்கு விசாரணைக்கு உட்படாமல் இறந்துபோன ஒருவரின் கடதாசி, கொலை வழக்கில் தனியே நிற்காது. அம்மாவும் இப்போது இல்லை.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2010இல் நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, அதற்குப் பின் வந்த அலுவலகங்கள் எல்லாவற்றின் முன்னாலும் எங்கள் சனம் போய் நின்றிருக்கிறது. போய்ச் சொன்னது வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆணைக்குழுவிடம் சொன்னாயிற்று, இனி அரசு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். 1983 ஜூலையில் நடந்த கொள்ளைக்கும் தீவைப்புக்கும் இனி வழக்கில்லை. கொலைக்கு இன்னும் உண்டு. அந்த நாட்களில் ஒரு கொலையைக் கண்ணால் கண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கு இப்போது அறுபது எழுபது வயது இருக்கும். ஒரு சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொலிசில் முறைப்பாடாகவும் நீதவான் முன் வாக்குமூலமாகவும் பதிவு செய்யுங்கள். சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் இப்போது இருக்கிறது; அதைக் கேட்டு வாங்குங்கள். பெயர் தெரிந்தால் பெயரையும் சொல்லுங்கள்.